சின்ன வேலை மட்டும் பாக்கி: 1973 ஸ்பிட்ஃபயர் ஒன்றை வாங்கிய அனுபவம்

ஊரில் பழைய வண்டி விற்பவர்கள், "டிங்கரிங் வேலை மட்டும் கொஞ்சம் பாக்கி இருக்குங்க" என்பார்கள். அந்த வாக்கியம் காதில் விழுந்ததும் என் அப்பா செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார், வீட்டுக்குக் கிளம்ப. இங்கிலாந்தில் அதையே 'லைட் ரெஸ்டரேஷன்' என்று கொஞ்சம் கௌரவமாக எழுதுகிறார்கள். அப்பாவின் பிள்ளையாக இருந்தும் நான் கிளம்பவில்லை. 3,400 பவுண்டு கொடுத்து 1973-ஆம் வருடத்து டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 4 என்ற சின்ன பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினேன். வாங்கி இரண்டு குளிர்காலம் முடிந்துவிட்டது. இதே மாதிரி ஒரு வண்டியின் படத்தை ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வண்டியின் நிறத்துக்கு மிமோசா என்று பெயர். எலுமிச்சைக்கும் நம் ஊர் ஆட்டோவுக்கும் நடுவில் ஒரு மஞ்சள். இரண்டே சீட், துணிக் கூரை, 1,296 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின், இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர், 63 குதிரைத்திறன். இன்றைய சின்ன மாருதிக்கே இதைவிடத் தெம்பு அதிகம். எடை 800 கிலோவுக்கும் குறைவு என்பதால்தான் ஏதோ ஓடுகிறது. 60 மைல் வேகத்தைத் தொட பதினாறு வினாடி வரை ஆகும். ஸ்போர்ட்ஸ் கார் என்ற பட்டத்தைக் காப்பாற்றுவது அதன் தோற்றமும், தார் ரோட்டுக்கு ஒரு சாண் மேலே உட்கார்ந்து போகிற அந்த உணர்வும்தான். வேகம் வேண்டும் என்கிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எனக்கு இந்த வண்டி மேல் ஆசை வந்ததற்குக் காரணம் என் பெரியப்பா. பொள்ளாச்சியில் டாக்டராக இருந்தார். அவரிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டை, மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961-இலிருந்து இந்தப் பெயரில் செய்தது. 948 சிசி எஞ்சின். ரோட்டில் பத்து அம்பாசடருக்கு நடுவில் ஒரு ஹெரால்டு போனால் திரும்பிப் பார்ப்பார்கள். 1968-இல் இந்தியாவுக்கென்றே நான்கு கதவு வைத்த ஹெரால்டும் வந்தது. பிறந்த நாடான இங்கிலாந்தில் அப்படி ஒன்று கிடையாது. பெரியப்பாவுடையது இரண்டு கதவு. லீவுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அதில் பிடித்தது ஒரே விஷயம். பானெட்டைத் திறந்தால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து மூக்கு மொத்தமும் முன்பக்கமாகக் கவிழும். முதலை வாய் பிளந்த மாதிரி. டிரைவர் முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு, பீடியை அணைத்துக் காதில் சொருகிக்கொண்டு, பிளக் கழற்றுவார்.

வேலைக்காக இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்துக்கு வந்து சேர்ந்த புதிதில், கேன்லி பக்கம் பஸ்ஸில் போகும்போது ஒரு தெருப் பலகை கண்ணில் பட்டது: ஹெரால்டு அவென்யூ. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்து பார்த்தேன். பக்கத்திலேயே டோலமைட் அவென்யூ, அதுவும் ஒரு டிரையம்ஃப் காரின் பெயர்தான். ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் தொழிற்சாலை இருந்த இடம் அது. இப்போது ஆபீஸ் கட்டடங்களும் கார் பார்க்கிங்கும். பொள்ளாச்சியில் பெரியப்பா ஓட்டிய வண்டியின் பூர்வீகம் என் வீட்டிலிருந்து நான்கு மைல் தூரத்தில் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

ஸ்பிட்ஃபயரும் அங்கே செய்ததுதான். 1959-இல் வந்த ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, அதே ஹெரால்டின் முன் சஸ்பென்ஷனையும் பின் ஆக்ஸிலையும் போட்டு, மேலே ஒரு அழகான தகரச் சட்டை மாட்டினால் ஸ்பிட்ஃபயர். இரண்டையும் வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிச்செலோட்டி. மாதிரி வண்டி தயாரான சமயத்தில் கம்பெனியிடம் காசில்லை. அதைத் துணி போட்டு மூடி ஒரு மூலையில் தள்ளிவிட்டார்கள். 1961-இல் லேலண்ட் கம்பெனி வாங்கியபோது, சரக்குக் கணக்குப் பார்க்க வந்தவர்கள் துணியைத் தூக்கிப் பார்த்து, இதைச் செய்யலாமே என்றார்களாம். அதே லேலண்ட்தான், நம் ஊர் பஸ்களின் நெற்றியில் அசோக்கோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும் பெயர். 1962-இலிருந்து 1980 ஆகஸ்ட் வரை மூன்று லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். கடைசி வண்டியும் மஞ்சள்தான். கேய்டனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு அது போய்ச் சேர்ந்தது.

இதே பணத்துக்கு எம்.ஜி.பி என்ற இன்னொரு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்திருக்கலாமே என்று ஆபீஸில் இரண்டு பேர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எம்.ஜி.பி கட்டுமானத்தில் உசத்தி, 1,800 சிசி, நெடுஞ்சாலையில் மூச்சு வாங்காது. ஆனால் நல்ல எம்.ஜி.பி என் கைக்கு எட்டவில்லை; எட்டிய இரண்டின் அடிப்பகுதி வடிகட்டி மாதிரி இருந்தது. அப்புறம் அந்த முதலை வாய் அதில் இல்லை. விஷயம் முடிந்தது.

2023 மார்ச்சில் ஊஸ்டர்ஷர் பக்கம் ஒரு பண்ணைக் கொட்டகையில் வண்டியைப் பார்த்தேன். விற்பவர் எழுபதைத் தாண்டியவர், அருமையான மனிதர், வாயைத் திறந்தால் நிறுத்தமாட்டார். நான் போவதற்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தார். உபசாரத்துக்காகச் செய்தாரா வேறு எதற்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பழைய வண்டி வாங்கப் போனால் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். இந்த எஞ்சினில் பிக் எண்ட் பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்கைப் பிடிக்கும் இடம்) தேய்ந்திருந்தால் ஆறிய எஞ்சினை உயிர்ப்பிக்கும் முதல் சில வினாடியில்தான் அடிவயிற்றில் ஒரு கடகடப்பு கேட்கும். சூட்டில் அது ஒளிந்துகொள்ளும். ஆயில் பிரஷருக்கு முள் காட்டும் மீட்டர் இதில் கிடையாது, ஒரு விளக்கு மட்டும்தான். ஆகவே காதுதான் மீட்டர். அவர் கொடுத்த டீயையும் பிஸ்கட்டையும் ஒன்றரை மணி நேரம் நீட்டினேன். ஆறிய எஞ்சின் சோக் இழுத்ததும் சுத்தமாகப் பிடித்தது. கடகடப்பு இல்லை.

அடுத்தது கிராங்க், பிஸ்டன்கள் சுழற்றும் எஞ்சினின் முக்கியத் தண்டு. எஞ்சின் அணைந்திருக்கும்போது ஒருவர் கிளட்சை மிதிக்க வேண்டும், இன்னொருவர் முன்னால் இருக்கும் கிராங்க் புல்லியைக் கவனிக்க வேண்டும். புல்லி முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால் கிராங்கை நகராமல் பிடிக்கும் திரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு அரைவட்டத் துண்டுகள், அவ்வளவுதான். விலை ஒரு சினிமா டிக்கெட் அளவு. கவனிக்காமல் விட்டால் தேய்ந்து தேய்ந்து, எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்குள் விழும். அப்புறம் கிராங்க் நேரடியாக பிளாக்கை அரைக்க ஆரம்பிக்கும். பிளாக்கே குப்பை. என் மனைவி கிளட்சை மிதித்தாள், நான் டயர் மேல் உட்கார்ந்து பார்த்தேன். புல்லி தலையாட்டியது. "ஏங்க, நல்லதா கெட்டதா?" என்றாள் உள்ளேயிருந்து. "விலை குறையும்" என்றேன் தமிழில்.

இனி தகரம். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. ஸ்பிட்ஃபயருக்குத் தனி சேஸிஸ் இருக்கிறதே, பாடி துருப்பிடித்தால் என்ன என்று நான் நினைத்தேன். தப்பு. ஹெரால்டில் சேஸிஸின் பக்கவாட்டுக் கைகள் பாடியைத் தாங்கும். குட்டையாக்கியபோது அவற்றில் பாதியை விட்டுவிட்டார்கள். கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற பெட்டிதான் அந்தப் பாரத்தைச் சுமக்கிறது. வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று மூன்று அடுக்கு. கண்ணுக்குத் தெரிவது வெளித்தகடு மட்டும். அதில் பட்டி பூசி மேலே மஞ்சள் அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. காட்டிக்கொடுப்பது காந்தம் மட்டும்தான்; தகரத்தில் ஒட்டும், பட்டியில் ஒட்டாது.

காந்தம் வாங்கி வைத்துக்கொள்ள மறந்து, கடைசி நேரத்தில் பிரிட்ஜ் கதவிலிருந்து மருதமலை முருகனைப் பிய்த்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். வலது சில் நெடுக முருகன் கெட்டியாக ஒட்டினார். இடது சில்லில் பின் பாதிக்கு வந்ததும் கை விட்டு நழுவி விழுந்தார். மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தார். விற்பவருக்குக் காந்தத்தில் யார் இருக்கிறார் என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது; அவர் ரொம்ப அக்கறையாகக் கேட்டுக்கொண்டார், பட்டியைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

சில் முடிகிற இடத்தில், சீட்டுக்குப் பின்னால், பின் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் ரேடியஸ் ஆர்ம் பாடியோடு சேரும். அந்த இடத்தைத் திருப்புளியால் தட்டிப் பார்க்க வேண்டும். 'டங்' என்றால் தகரம், 'பொத்' என்றால் பட்டி. பேட்டரித் தட்டின் அடியையும், தரை விரிப்பைத் தூக்கி கால் வைக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேலே குறுகி கீழே விரிந்திருந்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது, கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். என்னுடையதில் இடது பக்கம் லேசாக, ஒரு மில்லிமீட்டர் போலக் குறுகியிருந்தது. நான் கும்பிடு போடவில்லை. அந்த ஒரு மில்லிமீட்டருக்கு என்ன விலை என்பதை அப்புறம் சொல்கிறேன்.

நாற்பது வருடம் தாண்டிய வண்டிகளுக்கு இங்கே சாலை வரி இல்லை. 2018 மே மாதத்திலிருந்து வண்டி ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் வருடாந்தர எம்.ஓ.டி பரிசோதனையும் கட்டாயமில்லை. கேட்க இனிப்பான செய்தி. வாங்குகிறவனுக்கு இது பொறி என்பேன். ஐந்து வருடமாக அந்த வண்டிக்கு அடியில் யாரும் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். என் செலவில் எம்.ஓ.டி எடுக்கலாமா என்று கேட்டேன். கொஞ்சம் முகம் சுருங்கினாலும் ஒத்துக்கொண்டார். சீட்டு வந்தது: இடது சில் அரிப்பு, பின் பிரேக் பைப் துரு, முன் வலது சக்கரத்தின் திருப்பு மூட்டான டிரனியனில் ஆட்டம். அந்த ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் 4,250 என்று சொன்னதை 3,400-க்குக் கொண்டுவந்தேன். ஐம்பது பவுண்டு செலவழித்து எண்ணூற்றைம்பது குறைத்தால் நல்ல வியாபாரம்தானே.

ஓட்டிப் பார்த்ததைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. கியர் நன்றாக விழுந்தது. பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃப்ரென்ஷியல் 40 மைலில் 'ம்ம்ம்' என்று முனகியது. இந்த வண்டிகள் பாதிக்கு மேல் அப்படித்தான் முனகும் என்றார்கள், இன்னும் முனகுகிறது. ஓவர்டிரைவ் வேலை செய்யவில்லை.

அந்த ஓவர்டிரைவில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நல்ல செய்தி. கியர் தடியின் தலையில் ஒரு சின்ன சுவிட்ச். மூன்றாம், நான்காம் கியரில் அதைத் தட்டினால் எஞ்சின் சுற்று குறையும், அரைக் கியர் கூடுதலாகக் கிடைத்த மாதிரி. வேலை செய்யாத ஓவர்டிரைவ் என்றால் விலையில் இருநூறு முந்நூறு குறைப்பார்கள். ஆனால் முக்கால்வாசி நேரம் கோளாறு ஒயரில்தான் இருக்கும். கியர்பாக்ஸை இந்த வண்டியில் உள்ளேயிருந்தே தொடலாம். நடுவில் திமில் மாதிரி நிற்கும் மூடியைக் கழற்றினால் போதும். கழற்றியபோதுதான் தெரிந்தது, அது தகரமில்லை, அழுத்திய அட்டை! கவன்ட்ரி நகரம் ஊருக்கெல்லாம் கார் செய்து கொடுத்த காலத்தில், ஸ்போர்ட்ஸ் காரின் நடு முதுகை அட்டையில் செய்திருக்கிறார்கள். மூடிக்கு அடியில், ஓவர்டிரைவை மின்சாரத்தால் இயக்கும் ஸொலினாய்டுக்குப் போகும் ஒயரின் இணைப்பு பச்சை பூத்து விலகிக் கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்துச் சொருகினேன். பத்து நிமிட வேலை. அன்று மாலை கெனில்வொர்த் வரை போய், காரணமே இல்லாமல் அந்த சுவிட்சைத் தட்டித் தட்டித் திரும்பி வந்தேன்.

மின்சாரக் கோளாறு எல்லாமே இந்த ரகம்தான். ஒரு நாள் எஞ்சின் கொதிப்பதாகவும் டேங்க் நிறைய பெட்ரோல் இருப்பதாகவும் மீட்டர்கள் சொல்லின. இரண்டும் பொய். இரண்டு மீட்டரும் சேர்ந்து பொய் சொன்னால், இரண்டுக்கும் மின்சாரம் தரும் வோல்டேஜ் ஸ்டெபிலைசரைச் சந்தேகிக்க வேண்டும். அதன் எர்த் துருவேறியிருந்தது. இந்த வண்டிகளுக்கெல்லாம் மின்சாதனம் செய்து கொடுத்த லூகாஸ் கம்பெனியைக் கேலி செய்து இந்த ஊரில் நூறு ஜோக் உண்டு. என் அனுபவத்தில் ஐம்பது வருடத் துருதான் குற்றவாளி, லூகாஸ் பாவம்.

திரஸ்ட் வாஷரை எஞ்சினை இறக்காமலே, சம்ப்பைக் கழற்றி, பின் மெயின் பேரிங் மூடியை எடுத்து மாற்றினேன். குப்புறப் படுத்துச் செய்கிற வேலையில்லை, மல்லாக்கப் படுத்து, முகத்தில் ஆயில் சொட்டச் சொட்டச் செய்கிற வேலை. ஒரு ஞாயிறு போயிற்று. முன்பு இருபது தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு தவ்) இருந்த ஆட்டம் ஆறுக்கு வந்தது. லேத் பட்டறையில் வளர்ந்தவன் என்பதால் டயல் கேஜ் முள் ஆறில் நின்றதைப் பார்க்க எனக்குக் கிடைத்த சந்தோஷம் எல்லோருக்கும் கிடைக்காது என்று தெரியும்.

டிரனியனைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. முன் சக்கரம் திரும்பும் தண்டின் அடிமுனை மறையாக இருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டிக்குள் சுழலும். அதற்கு ஈ.பி. 90 கியர் ஆயில்தான் விட வேண்டும். பார்த்தால் கிரீஸ் நிப்பிள் போடும் இடம் மாதிரியே இருப்பதால் எல்லோரும் கிரீஸை அடித்துவிடுவார்கள். கிரீஸ் இறுகி, தண்ணீர் இறங்கி, மறை அரித்து, ஒரு நாள் வளைவில் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். என் வண்டியில் இரண்டு பக்கமும் கிரீஸ்தான் இருந்தது. கடந்த ஐம்பது வருடத்தில் இதை வைத்திருந்த யாரோ ஒருவர் ஆசையாகவே அடித்திருக்கிறார். இரண்டையும் மாற்றினேன். நீங்கள் வாங்கப் போகிற வண்டியில் ஆயில் விட்டதற்கு ரசீதோ குறிப்போ இல்லையென்றால் மாற்றுச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

பெட்ரோலில் 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பம்ப்பில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பர் ஹோஸை அது தின்றுவிடும். ஹோஸ்களை மாற்றிவிட்டு, எத்தனால் ஐந்து சதவீதத்தைத் தாண்டாத, விலை கூடிய இ5 பெட்ரோல் மட்டும் போடுகிறேன். ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த சிலிண்டர் ஹெட் என்பதால் வால்வு உட்காரும் இடத்துக்கு ஒரு மருந்தையும் சேர்த்து ஊற்றுகிறேன். சாமான் கிடைப்பது பற்றிக் கவலையே வேண்டாம். கதவுக் கைப்பிடியிலிருந்து கிராங்க் வரை தபாலில் வருகிறது. மூன்று வருட ஜப்பான் காருக்கு ஹெட்லைட் வாங்க நான் பட்ட பாட்டைவிட இது சுலபம்.

இப்போது அந்த ஒரு மில்லிமீட்டர். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறை. இடது சில்லைப் பார்த்துவிட்டு "அறுநூறு பவுண்டு, ஒரே வாரம்" என்றார்கள். சொன்னபடி ஒரே வாரத்தில் கொடுத்தார்கள், பெயின்ட் பளபளவென்று இருந்தது. மூன்று மாதம் கழித்து டயர் மாற்ற ஜாக் வைத்துத் தூக்கினேன், கதவு திறக்கவில்லை. இறக்கினேன், திறந்தது. தூக்கினால் பாடி மடங்கிக் கதவைக் கவ்வுகிறது. வேறொரு வெல்டரிடம், பழைய டிரையம்ஃப்களையே பார்த்து நரைத்தவரிடம், கொண்டுபோனேன். புதுத் தகட்டின் ஓரத்தை அறுத்துக் காட்டினார். உள்ளே பழைய வெளித்தகடு, அதற்குள் நடுத்தகடு இருந்த இடத்தில் பழுப்பு நிறத் தூள். இற்றுப்போன சில் மேல் புதுச் சில்லை ஒட்டி மூடியிருக்கிறார்கள். சொத்தைப் பல்லுக்குத் தங்கக் கவசம். முதல் பட்டறையில் போய்க் கேட்டதற்கு, "சில் மாற்றத்தானே சொன்னீர்கள், மாற்றியிருக்கிறோமே" என்றார்கள். நான் சண்டை போடுகிற ரகமில்லை. அறுநூறு போயிற்று.

நரைத்தவர் முதலில் செய்தது, கதவு இருக்கும் வாசலுக்குக் குறுக்கே ஒரு இரும்புக் கம்பியை முட்டுக் கொடுத்து வெல்டு வைத்தது. அது இல்லாமல் சில்லை அறுத்தால் பாடி தொய்ந்த நிலையிலேயே நின்றுவிடும், பிறகு கதவு ஜென்மத்துக்கும் சரியாக மூடாது. மூன்று அடுக்கும் புதிது, ரேடியஸ் ஆர்ம் இடம் புதிது, 1,450 பவுண்டு, ஏழு வாரம். வலது பக்கத்தையும் பார்த்தார். "இது இன்னும் நான்கைந்து வருடம் தாங்கும்" என்றார். முருகன் சொன்னது சரி.

ஆகவே நான் கண்ட கணக்கு இதுதான். ஸ்பேனரால் கழற்றி மாட்ட முடிகிற எல்லாமே சின்ன வேலை, அது எஞ்சினாகவே இருந்தாலும். வெல்டிங் தேவைப்படுகிற எதுவும் சின்ன வேலையில்லை, உள்ளங்கை அகல ஓட்டையாக இருந்தாலும். எஞ்சின் புகைகிற, ஓவர்டிரைவ் ஓடாத, சீட் கிழிந்த, ஆனால் கதவு 'கிளிக்' என்று மூடுகிற ஸ்பிட்ஃபயர் ஒன்று கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். எனக்கு இன்றுவரை ஆன செலவு, வாங்கிய விலை, வெல்டிங் இரண்டும், டயர் ஐந்து, புதுத் துணிக் கூரை, டிரனியன், பிரேக் பைப், சில்லறைச் சாமான் எல்லாம் சேர்த்து, 6,900 பவுண்டு. இதே நிலையில் உள்ள வண்டியை யாரோ ஒருவர் ஏற்கெனவே செய்து முடித்து ஆறாயிரத்துக்கு விற்றுக்கொண்டிருக்கிறார், போன வாரம்கூடப் பார்த்தேன். லாபக் கணக்கோடு வருகிறவர்கள் அவரிடம் போகலாம். இன்ஷூரன்ஸ் மட்டும் ஆச்சரியம். வருடத்துக்கு மூவாயிரம் மைல்தான் ஓட்டுவேன் என்று எழுதிக் கொடுத்ததால், என் அன்றாடக் காருக்குக் கட்டுவதில் கால்வாசிதான்.

ஓட்டுவது எப்படி இருக்கிறது? 7.3 மீட்டர் வட்டத்துக்குள் திரும்பிவிடும். எங்கள் தெருவில் ஒரே வீச்சில் யூ டர்ன் அடிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் கை தட்டுவார். பழைய ஸ்பிட்ஃபயர்களில் வளைவில் சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டால் பின் சக்கரம் உள்ளே மடங்கி வண்டியைச் சுழற்றிவிடும் என்ற கெட்ட பெயர் உண்டு. பின்னால் குறுக்கே கிடக்கும் ஒரே லீஃப் ஸ்பிரிங்தான் காரணம், நம் ஊர் லாரிப் பட்டை மாதிரி. மார்க் 4-இல் அந்தப் பட்டையின் அடித்தகட்டை மட்டும் முடுக்கிவிட்டு மற்றதெல்லாம் நடுவில் ஊஞ்சல் மாதிரி ஆடும்படி மாற்றினார்கள். எனக்கு ஒருமுறைகூட பயம் காட்டவில்லை. நானும் அதைச் சீண்டவில்லை. காட்ஸ்வோல்டு கிராமச் சாலைகளில் 45 மைல் வேகத்தில் போகும்போது எழுபதில் போகிற மாதிரி இருக்கும். எம்40 நெடுஞ்சாலையில் எழுபதில் போகும்போது தப்புச் செய்கிற மாதிரி இருக்கும். லாரிச் சக்கரத்தின் நட்டுகள் கண்மட்டத்தில் சுழலும். பிரேக்குக்கு மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் சர்வோ கிடையாது, காலை ஊன்றி மிதிக்க வேண்டும்.

போன ஜூலையில் அப்பா வந்திருந்தார். ஃபோனில் சொன்னபோதே, "ஏன் கண்ணு, துருப் புடிச்ச வண்டிய காசு குடுத்தா வாங்குன? அண்ணன் ஹெரால்ட வித்தப்ப சும்மா குடுத்தாக்கூட யாரும் வாங்கலியே" என்றவர். வந்த மறுநாள் காலை காபிகூடக் குடிக்காமல் கொட்டகைக்குப் போய்விட்டார். நான் எழுந்து போனபோது முதலை வாய் திறந்திருந்தது, முன் டயர் மேல் உட்கார்ந்திருந்தார். "டேப்பட் சத்தம் கேக்கலியா உனக்கு? பத்து தவ் ஃபீலர் எடு" என்றார். அம்பாசடரில் பழகிய கை. திறந்திருக்கும் வால்வின் எண்ணோடு எதைக் கூட்டினால் ஒன்பது வருமோ அதைச் சரிசெய்வது என்று விரலில் எண்ணிக்கொண்டே எட்டையும் முடித்தார். மாலையில் இரண்டு பேரும் கேன்லிக்குப் போனோம். ஹெரால்டு அவென்யூ பலகைக்குக் கீழே நிறுத்திப் படம் எடுத்துப் பொள்ளாச்சிக்கு அனுப்பினோம். பெரியப்பா இப்போது இல்லை. பெரியம்மாதான் பார்த்துவிட்டு, "நம்ம வண்டி இத்தன மஞ்சளா இல்லியே" என்று பதில் போட்டிருந்தார்.

இன்னும் தீராத குறை ஒன்று பாக்கி. முன் கண்ணாடி ரப்பரின் இடது மூலையிலிருந்து மழை ஒழுகுகிறது. ரப்பரை இரண்டு தடவை மாற்றிப் பார்த்தாகிவிட்டது. சரியாகப் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர் முழங்காலில் சொட்டும். என் மனைவி கையுறைப் பெட்டியில் நிரந்தரமாக ஒரு ஈரிழைத் துண்டு வைத்திருக்கிறாள்.